கழுத்து அட்டைக்காரி

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஐந்தாவது என் தங்கையின் மகன். ஐந்து பேரும் ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஐந்து பேரும் இன்றைக்குக் கதிரையில் இருந்து வேலை செய்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதை முதலிலேயே சொல்லிவைப்பது பெருமைக்குத்தான், வேறொன்றுக்கும் இல்லை.

ஆறாவதாகவும் ஒருத்தியை ஆறு மாதம் வைத்துப் பார்த்தேன். அவளைக் கேட்டால், தான்தான் என்னைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்வாள். அவள் பெயரை எழுதமாட்டேன். எழுதுவதில்லை என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி, கழுத்தில் அட்டை. அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த அட்டைதான், முகம் பிறகுதான் வரும். நாங்கள் வேலை செய்த கந்தோரில் எல்லோரும் கழுத்தில் அட்டை போடுவார்கள். வாசலைத் தாண்டியதும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். இவள் கழற்றமாட்டாள். எஸ்-பான் ரயிலில் வரும்போதும் கிடக்கும். கோவிலுக்குப் பட்டுச்சேலை உடுத்தி வந்தபோதும் சங்கிலிக்கு மேலே கிடந்தது. கோப்பை கழுவும்போது நனைந்துவிடும் என்று அதைத் தோளுக்கு மேலால் முதுகுப்பக்கம் எறிந்துவிடுவாள், சேலைத் தலைப்பை எறிவதுபோல. ஏன் பிள்ளை, வீட்டிலும் இதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறீரோ என்று ஒருநாள் கேட்டேன்.

"இது இருந்தாத்தான்க்கா நம்மள ஒரு ஆளா மதிப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னது பொய் இல்லை. பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை கறிவேப்பிலை வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் மரக்கறிப் பக்கம் நின்றேன். இவள் அட்டையும் கண்ணாடியுமாகப் போய் ஒரு தேங்காய்ப்பால் பேணியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரத் தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. சுகாதாரக் கந்தோரில் இருந்து சோதனைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அவள் அடுத்த தட்டுக்குப் போகுமுன் அவன் அந்தத் தட்டுக்குப் போய், திகதி முடிந்த மாப் பைக்கற்றுகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். திரும்பி வந்தபோது அவள் தமிழில் கறிவேப்பிலை கேட்டாள். அவனுக்கு இன்னும் பயம். என் பக்கம் குனிந்து, "அக்கா, இதுக்குத் தமிழ் ஆக்களையும் எடுக்கினமோ?" என்றான்.

"ஓம். இப்பதான் புதுசா எடுத்திருக்கினம்" என்றேன்.

கறிவேப்பிலைக்கு அன்று காசு வாங்கவில்லை. அவளுக்குக் காரணம் விளங்கவில்லை. இலங்கைத் தமிழர் எவ்வளவு நல்லவர்கள் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவள் எனக்குப் பழக்கமான விதத்தைச் சொல்லவில்லையே. ஹம்பேர்க் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பெரிய கந்தோர். கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் கம்பனி. அதன் மூன்றாம் மாடியை நான் பத்தொன்பது வருடம் துடைத்தேன், விடிய ஐந்திலிருந்து ஒன்பது வரை. அவள் சென்னையில் ஒரு கம்பனியில் இருந்து ஆறு மாதத்துக்கு வந்தவள். சென்னையில் பொழுது முந்தி விடிந்துவிடும் என்பதால், கந்தோரில் எல்லோருக்கும் முன்னே வந்து குந்திவிடுவாள்.

வந்த முதல் கிழமை, கோப்பி போட்டுச் சாப்பிடும் குசினிக் கதவுக்கு முன்னால் நின்று அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரமான நெருப்புப்பெட்டியில் குச்சி தேய்ப்பதுபோல. கதவு அசையவில்லை. நான் என் இடுப்பில் கிடந்த திறப்பால் திறந்துவிட்டேன். ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். கையில் இருந்த பெட்டியில் புளிச்சோற்று வாசம். தமிழ்ப்பெட்டை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கிழமை திறக்கவில்லை. ஏனென்றால் அவள் தினமும் காலையில் தாயோடு சத்தமாகப் போனில் கதைப்பாள், நான் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருப்பேன். வேலை செய்யும் நாட்களில் தொலைக்காட்சித் தொடர் பார்க்க எனக்கு எங்கே நேரம்? அவள்தான் என் தொடர். தாயின் முழங்கால் நோ, சிவகாசியில் ஒரு மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளையின் தாய் எப்போது எடுத்தாலும் 'பொண்ணு இன்னும் ஃபாரின்லதான இருக்கு' என்று மட்டும் கேட்பது, எல்லாம் எனக்குப் பாடம்.

ஒருநாள் அவள் தாய்க்குச் சொன்னாள்: "ஆமாம்மா, இன்னைக்கும் வந்துட்டாங்க. எனக்குன்னு தனியா ஒரு ஆள் போட்டிருக்காங்க. நான் உக்காந்திருக்கும்போதே கீழ தொடச்சுட்டுப் போவாங்க."

அந்த மாடியில் நாற்பது மேசை. இவளுக்கென்று தனியாக நானாம். துடைக்கும் தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தேன்.

"பிள்ளை, காலை ஒருக்காத் தூக்குங்கோ. கீழ துடைக்கவேணும்."

போன் கையிலிருந்து வழுகிவிட்டது. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, நான் துடைத்து முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு மெதுவாக, "ஆன்ட்டி, நீங்க தமிழா?" என்றாள்.

"ரெண்டு கிழமையா நீர் கதைச்சதெல்லாம் விளங்கினபடியால், ஓம் எண்டுதான் நினைக்கிறன். ஆன்ட்டி எண்டு சொல்லவேண்டாம். அக்கா எண்டு சொல்லும்."

அறுபத்தைந்து வயதில் எனக்கு இருபத்தேழு வயதில் ஒரு தங்கச்சி கிடைத்தாள்.

எனக்குக் கோபம் உடனே ஆறவில்லை. அடுத்த நாள் அவளே வந்து சொன்னாள். தாய் விருதுநகரில் ஒரு கந்தோரை முப்பது வருடமாகக் கூட்டித் துடைக்கிறவர். அங்கே ஒருவரும் காலைத் தூக்குவதில்லையாம். சப்பாத்தைச் சுற்றிச் சுற்றிக் கூட்டவேண்டும். மகள் ஜேர்மனிக்கு வந்து முதல் போன் எடுத்தபோது, குளிரைப் பற்றிக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. உன் இடத்தை அங்கே யார் கூட்டுவது என்றுதான் கேட்டாராம். ஒரு ஆள் இருக்கிறார் என்றதும், இன்னொரு தரம் சொல்லு என்றாராம்.

"அதக் கேக்கத்தான்க்கா தினமும் போன் பண்றாங்க" என்றாள்.

பிறகு எனக்கு என்ன கோபம்? தாய்க்கு என்னைப் பார்க்கவேண்டுமாம். சரி என்று தோய்த்த ஏப்ரனைப் போட்டுக்கொண்டு, அவள் போனைப் பிடிக்க, நான் அவளுடைய மேசைக்குக் கீழே துடைத்துக் காட்டினேன். நடிப்புத்தான். அவள் மகாராணிபோலக் காலைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். போனுக்குள் இருந்து குரல் வந்தது: "மூலைய விட்டுட்டாங்களேம்மா. மேஜைக்காலச் சுத்தித் தண்ணி நிக்குது பாரு."

உண்மைதான், நின்றது. பத்தொன்பது வருடத்தில் ஒரு ஜேர்மன்காரனும் பார்க்காத மூலை. "அப்ப நீங்கள் ஒருக்கா வந்து துடைச்சுக் காட்டுங்கோ அம்மா" என்றேன். பிறகு இரண்டு பேரும் முழங்காலைப் பற்றிக் கதைத்தோம். மகள் காலைத் தூக்கினபடியே போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறக்கலாம் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

குசினிக் கதவுக் கதைக்கு வருகிறேன். அது பூட்டுப் பழுது என்று அவள் மூன்று தரம் முறைப்பாடு கொடுத்தாள். அவளுடைய அட்டை சிவப்புப் பட்டியில் தொங்கியது. மற்றவர்களுக்கு நீலப் பட்டி. சிவப்பு சில பேருக்குத்தான் என்பதால், அதுதான் பெரிய ஆட்களுக்குரியது என்று நினைத்து, படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் வரவேற்பில் இருந்தவள் சொல்லிவிட்டாள்: சிவப்பு என்றால் வெளிக் கம்பனி ஆள், சிவப்புக்கு அந்தக் குசினி திறக்காது.

மேசைக்கு வந்து பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏப்ரனுக்குள் கிடந்த என் அட்டையை வெளியே எடுத்துக் காட்டினேன். அதுவும் சிவப்பு. எனக்கும் முன்பு நீலம்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எங்களைக் கூப்பிட்டு, துப்புரவு வேலையை வெளிக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். திங்கட்கிழமை சிவப்பு. அதே வாளி, அதே மாடி, அதே நான். நீல அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். துலைந்துவிட்டது என்றேன். துலையவில்லை.

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் காட்டினேன். பொறியியல் படித்தவளுக்கும் துடைக்கிறவளுக்கும் ஒரே பட்டி என்பது என்ன ஆறுதல்? அவள் முகம் போன போக்கில் எனக்கு விளங்கியது. ஆனால் அடுத்த நாளும் கழற்றவில்லை. அட்டையைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டிருந்தாள்.

இனி அவள் எதற்கு வந்தாள் என்பது. அந்த மாடியில் பில் சரிபார்க்கும் வேலை செய்தவர்கள் மூன்று ஜேர்மன் பெண்கள். அந்த வேலையைச் சென்னைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். இவள் வந்து, அவர்கள் செய்வதையெல்லாம் படிப்படியாக எழுதி எடுக்கவேண்டும். அங்கே பதினொரு பெட்டைகள் காத்திருந்தார்கள், எல்லோரும் இயந்திரப் பொறியியல் படித்தவர்கள். பில் பார்க்க ஏன் உங்களை எடுக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "பொண்ணுங்கன்னா பொறுமையாப் பண்ணுவாங்கன்னு எங்க தலைலதான் கட்டுவாங்க" என்றாள். வேலை வந்தால் பதினொரு பேருக்கும் இடம் உண்டு. வராவிட்டால் சும்மா இருத்திவைத்து மூன்று மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் அடுத்தது கலியாணம்தான்.

மூன்று பேரில் இரண்டு பேர், எழுதி முடிக்குமுன்னமே கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியது ஃப்ராவ் லூடர்ஸ், எங்கள் பேச்சில் திருமதி லூடர்ஸ். ஐம்பத்தொன்பது வயது, ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம். என்னைச் சிவப்புக்கு மாற்றிய அந்தத் திங்கட்கிழமை, அந்த மாடியில் எழும்பி வந்து என் கையைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

ஃப்ராவ் லூடர்ஸ் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். கேட்டதற்கெல்லாம் பதில். இவள் நூறு பக்கத்துக்கு மேல் எழுதினாள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று இவளுக்குத் தெரியாது. ஃப்ராவ் லூடர்ஸின் அலுமாரியில் ஒரு பிஸ்கற் பேணி இருந்தது. அதற்குள் கையால் எழுதிய சின்ன மட்டைகள். எந்தக் கம்பனியின் பில் இரண்டு தரம் வரும், யாருக்குப் போன் எடுத்துக் கேட்டுத்தான் அனுப்பவேண்டும், எந்தக் கப்பல் பெயர் மாறினது, எல்லாம் அதில். கம்பியூட்டரில் இல்லை. அந்தப் பேணியைப் பத்தொன்பது வருடம் நான் தூசி தட்டியிருக்கிறேன்.

முதல் பரீட்சை வைத்தார்கள். இவள் எழுதியதைப் பார்த்துச் சென்னைப் பெட்டைகள் ஒரு கிழமை பில் பார்த்தார்கள். பாதி பிழை. இன்னொரு தரம் பார்ப்பார்களாம், அதுவும் பிழை என்றால் வேலை வேறு நாட்டுக் கம்பனிக்குப் போய்விடுமாம். குசினியில் நின்று அழுதாள். எல்லாம் சரியாத்தானே எழுதினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பேணியைப் பார்த்தால்தானே பிள்ளை தெரியும் என்றுவிட்டேன்.

நாக்கைக் கடித்து என்ன பயன்? அழுகை நின்றுவிட்டது. எந்தப் பேணி, எங்கே இருக்கிறது, பூட்டியிருக்கிறதா என்று கேட்டாள். பிறகு அவள் கண் என் இடுப்பில் கிடந்த திறப்புக்கொத்துக்குப் போனது.

"ஒரே நிமிஷம் தொறந்து விடுங்கக்கா. போட்டோ எடுத்துட்டு அப்படியே வச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. ஏலாது பிள்ளை. இந்தத் திறப்பால துடைக்கத் திறந்திருக்கிறன். பாக்கத் திறக்கேல்லை."

"உங்களுக்கென்னக்கா. உங்க வேலைய யாரும் இந்தியாவுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். ஒரு கிழமை கதைபேச்சு இல்லை. நான் அவள் மேசைக்குக் கீழே துடைத்துக்கொண்டிருக்கும்போதே, தாய்க்கு, "இன்னைக்கு அவங்க லீவும்மா" என்றாள். காலையும் தூக்கவில்லை. நான் சப்பாத்தைச் சுற்றித் துடைத்தேன். வேண்டுமென்றே அந்த மூலையையும் விட்டேன்.

இரண்டாம் பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தது. விடிய வந்தபோது அவள் கண் வீங்கிக் கிடந்தது. என் ரோசம் அதற்குமேல் நிற்கவில்லை.

"அவவிட்டயே கேளுமன்" என்றேன்.

"எப்படிக்கா? கிளையண்ட்." கிளையண்ட் என்று அவள் சொல்வது, எங்கள் ஆட்கள் சாமி என்று சொல்வதுபோல இருக்கும். அவர்களிடம் தெரியவில்லை என்று சொல்லவே கூடாது என்று கம்பனியில் பாடம் நடத்தியிருக்கிறார்களாம்.

"முதல்ல கழுத்தில கிடக்கிறதைக் கழட்டும். அது கிடக்குமட்டும் அவவுக்கு நீர் கம்பனி. கம்பனிக்கு ஆர் பேணியைத் திறப்பினம்?"

கொஞ்ச நேரம் பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கழற்றி என் ஏப்ரன் பைக்குள் போட்டாள். அட்டை இல்லாமல் அவளைப் பார்த்தது அன்றுதான். பள்ளிக்கூடப் பிள்ளைபோல இருந்தாள்.

ஃப்ராவ் லூடர்ஸ் வந்து கோப்பியோடு கதிரையில் இருந்ததும் அவரிடம் போனாள். ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொன்னாள், அதோடு முட்டியது. ஃப்ராவ் லூடர்ஸின் ஆங்கிலமும் பில்லுக்கு மட்டும் போதுமான ஆங்கிலம். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாளியை வைத்துவிட்டு நடுவில் நின்றேன். என் ஜேர்மன் எழுத்தில் நிற்காது, வாயில் நிற்கும்.

"எனக்குத் தெரியலைன்னு சொல்லுங்கக்கா. சொன்னதெல்லாம் எழுதிட்டேன், ஆனா வேலை வரல. அங்க பதினோரு பொண்ணுங்க என்னை நம்பிட்டு இருக்காங்க."

அப்படியே சொன்னேன். ஃப்ராவ் லூடர்ஸ் கோப்பியைக் கீழே வைத்தார். இவள் எழுதின நூறு பக்கத்தில் தன்னை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். இவள் அலுமாரியைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டிய எனக்குத் தருவாங்களான்னு கேளுங்க" என்றாள்.

இந்த இடத்தில் நான் ஒரு வேலை செய்தேன். உங்கள் பேணியை அவள் தொடமாட்டாளாம் என்று ஜேர்மனில் சொன்னேன்.

ஃப்ராவ் லூடர்ஸின் தோள் இரண்டும் இறங்கின. இவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னக்கா சொன்னீங்க?"

"நீர் பேணியைத் தொடமாட்டீராம். சொல்லியாச்சு. இனி வேற வழி பாரும்."

என்னை முறைத்த முறைப்பு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கை கழுத்துக்குப் போய், பட்டி இல்லாமல் திரும்பி வந்தது. பிறகு அவள் முகத்தில் ஒரு கள்ளம் வந்தது. கடைசி மாம்பழம் எங்கே போனது என்று கேட்டால் என் தங்கை மகனுக்கு வரும் அதே கள்ளம்.

"அவங்க எந்தப் பக்கத்துலயும் இல்ல. அதுதான் தப்பு" என்றாள். "பெட்டிய எழுத வேணாம்க்கா. பெட்டிக்காரங்கள எழுதிடறேன்."

நான்கு நாளில் முழுவதையும் திருப்பி எழுதினாள். நாற்பத்தொரு இடத்தில் ஒரு புதுப் படி சேர்த்தாள். ஆங்கிலத்தில் பெரிய பெரிய சொல்லாகப் போட்டிருந்தாள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "லூடர்ஸ் மேடத்தக் கேளு, அவ்வளவுதான்க்கா" என்றாள். அந்தக் கிழமை சென்னைப் பெட்டைகள் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஹம்பேர்க்குக்குப் போன் எடுத்தார்கள். ஃப்ராவ் லூடர்ஸ் பேணியைத் திறந்து பார்த்துச் சொன்னார். ஒரு பிழை இல்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் படித்துவிட்டு, மிக ஒழுங்கான வேலை என்றார்கள். ஹம்பேர்க் பெரியவர் ஒருவர் மட்டும் இந்த நாற்பத்தொன்றைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டாராம். இவள் தன் ஊர் வழக்கப்படி தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினாள். அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். அவள் ஒன்றும் குறைக்கவில்லை.

பதினொரு பெட்டைகளுக்கும் வேலை கிடைத்தது. ஃப்ராவ் லூடர்ஸ் நான்கு வருடமும் அதே கதிரையில் இருந்து ஓய்வூதியத்துக்குப் போனார். கடைசி நாள் மட்டைகளையெல்லாம் தானே பொதிசெய்து சென்னைக்கு அனுப்பினார். வெறும் பேணி என் குசினியில் இருக்கிறது, செத்தல் மிளகாய் போட்டிருக்கிறேன். முன்னமே போன மற்ற இரண்டு பெண்களையும் எனக்கு அவ்வப்போது நினைவு வரும். அவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்களுக்காக ஒருவரும் எதையும் கழற்றவில்லை.

அவள் போகிற அன்று வரவேற்பில் சிவப்பு அட்டையைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். வாசலில் நின்று வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். என் துலையாத நீல அட்டையை நான் அன்று கொண்டு போயிருந்தேன். அட்டையை நான் வைத்துக்கொண்டு, பட்டியை மட்டும் கழற்றி அவள் கையில் வைத்தேன். அவளுக்குப் போடத்தான் கொடுத்தேன். மூன்று கிழமை கழித்து ஒரு படம் வந்தது. விருதுநகரில், அந்தத் தாய் கழுத்தில் நீலப் பட்டியோடு பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறார். பட்டியில் பஸ் பாஸ் தொங்குகிறது. இரண்டு காலையும் தூக்கி வைத்திருக்கிறார். கீழே மகள் குனிந்து கூட்டுகிறாள். மூலையை விட்டிருக்கிறாளா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். விட்டிருக்கிறாள்.

இப்போது அவள் அங்கே பெரிய ஆள். சிவகாசி மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டாள். அந்த நாற்பத்தொரு படி இன்றைக்கும் அவள் கம்பனியில் புதுப்பிள்ளைகளுக்குப் பாடமாம், இப்படித்தான் ஒழுங்காக எழுதவேண்டும் என்று. அதனால்தான் அவளுடைய பெயர் எழுதவில்லை.

என் பேத்தி இந்த மாதம்தான் ஒரு கம்பனியில் ஆவ்ஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, தொடங்கினாள். வேலையால் வந்து, நான் இதை எழுதின கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு முன்னால் இருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், என்னைவிட வேகமாக வாசிப்பாள். வாசி பிள்ளை, முதலில் இருந்து, ஆறுதலாக. எங்கேயாவது அவளுடைய பெயர் தவறி விழுந்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்து. அதற்கு முதல், கழுத்தில் கிடக்கிறதைக் கழற்றி மேசையில் வை.